அசையாமல் பிடித்து நிற்பதால் என்ன பயன்?

ஜனவரி 11

அன்புள்ள சுள்ளிக்கு,

உன் அண்ணி சுகம். நான் முக்கால் சுகம். மீதிக் கால் மாவுக்கட்டுக்குள் இருக்கிறது.

பதறாதே. கிடங்கில் எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று பலகையிலிருந்து நழுவி உருண்டு வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். நான் மட்டும் பெரிய வீரன் மாதிரி அதைக் காலால் தடுக்கப் போனேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. தொடையிலிருந்து பாதம்வரை கட்டு. "நேராத்தான் உடைஞ்சிருக்கு, நல்லா கூடிடும்" என்றார் எலும்பு டாக்டர். உடைந்ததையாவது ஒழுங்காக உடைத்துக்கொண்டீர்களே என்று அண்ணி ஆறுதல் சொன்னாள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுகிறோம். அம்மா இருந்த காலத்திலிருந்தே உனக்குக் காகிதத்தில்தான் வாய் திறக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூனில் நம் நிறுவனத்தின் வலுதூக்கும் அணிக்குத் தேர்வு. எடைப் பிரிவுக்கு ஒரே ஒரு ஆள். அணியில் சேர்ந்தால் நிரந்தர வேலை. எனக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் கடைசிவரை கிடங்கில் தற்காலிகச் சுமைகாரன்தான். தொண்ணூற்று மூன்று கிலோ பிரிவில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று கோச்சே சொல்லியிருக்கிறார். உன்னுடைய எண்பத்து மூன்றில்தான் அந்த அக்கவுண்ட்ஸ்காரன் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். நான் உள்ளே போய்விட்டால் தலைமை அலுவலக ஜிம்மில் நீ தற்காலிகமாகத் திண்டாடுவதற்கும் ஒரு வழி கேட்கலாம்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அம்மா ஒருவர் இருக்கிறார். கட்டுக்குள்ளேயே தொடையை இறுக்கிப் பிடி, பத்து எண்ணு, விடு, விழித்திருக்கும் நேரமெல்லாம் இதையே செய் என்கிறார். காலும் அசையாது, எடையும் கிடையாது. வெறுமனே இறுக்கிப் பிடித்தால் பலம் எப்படித் தங்கும் என்று எனக்குப் புரியவில்லை. நம் வீட்டில் படிக்கிற வேலை உன்னுடையது, தூக்குகிற வேலை என்னுடையது. நீ சொல். செய்யவா, வேண்டாமா?

நேரத்துக்குச் சாப்பிடு. உன் பதில் வரும்வரை இறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்தபோது ஜிம்மில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பீப்பாயைக் காலால் தடுக்கிறவனை என்னவென்று சொல்வது? அண்ணி திட்டியிருப்பார்கள். நான் வேறு எதற்கு?

கேட்டதற்குப் பதில். இந்த அசையாமல் பிடித்து நிற்கிற பயிற்சி இப்போது ஒரு பைத்தியமாகப் பரவியிருக்கிறது. இங்கே பாதிப் பேர் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நின்றுகொண்டு, பெரிதாக எதையோ சாதித்ததுபோல் வியர்க்கிறார்கள். தசை நீண்டு சுருங்கினால்தான் வளரும். அசையாமல் பிடித்தால், எந்தக் கோணத்தில் பிடித்தாயோ அந்த ஒரு கோணத்தில் மட்டும்தான் பலம் வரும். நீட்டிய காலை இறுக்கினால் நீட்டிய காலுக்கு மட்டும். ஸ்குவாட்டில் உட்கார்ந்து எழும்போது அது எந்த மூலைக்கு? போதாததற்கு மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். அப்பா எதில் போனார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எலும்பு கூடும்வரை முழு ஓய்வு எடு. பலம் எங்கேயும் ஓடிவிடாது. கட்டைப் பிரித்ததும் எடையில் கை வை, பழைய கால் தானே திரும்பி வரும்.

இன்னொன்று. பரீட்சையில் தோற்றபோதெல்லாம் நீ என்னை இப்படித்தான் சுவரோடு நிற்க வைத்தாய். தொடை நடுங்க நடுங்க நின்றேன். என்ன வளர்ந்தது? சுள்ளி என்ற பெயர்தான் வளர்ந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணிக்கு என் அன்பு.

சுள்ளி


பிப்ரவரி 9

அன்புள்ள சுள்ளிக்கு,

இங்கே இருவரும் சுகம். கட்டுக்குள் அரிப்புதான் தாங்கவில்லை. அண்ணியின் பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்து மாட்டிக்கொண்டேன். ஊசியும் போச்சு, மரியாதையும் போச்சு.

உன் கடிதம் கிடைத்த அன்றே இறுக்குவதை நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிசியோ அம்மா, "செய்றீங்களா?" என்றார்.

"எந்தம்பி வேண்டாம்னுட்டான்."

"உங்க தம்பி டாக்டரா?"

"டாக்டருக்கு மேல" என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி. உங்க கால், உங்க தம்பி" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் பிடித்துக்கொண்டாள். "காலப் பாத்துச் சொல்றவங்க பேச்ச விட்டுட்டு, காகிதத்துல சொல்றவன் பேச்சக் கேக்குறீங்க." அந்தக் காகிதத்தில் எழுதுகிறவன் என் தம்பி என்று சொன்னேன்.

சுவர் விஷயத்தை இன்னுமா மனதில் வைத்திருக்கிறாய்? நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

நீ எப்படிப் பயிற்சி செய்கிறாய், இப்போது என்ன தூக்குகிறாய் என்று ஒரு வரி எழுது. படுத்துக்கிடப்பவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? அந்த அக்கவுண்ட்ஸ்காரனுக்குச் சளியாவது பிடித்ததா?

அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதம். நான் சுகம். ஜிம்மில் ஆட்கள் கூடிவிட்டார்கள், காலையில் நுழைந்தால் இருட்டியபின்தான் வெளியே வருகிறேன்.

என் பயிற்சியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாம் வழக்கம்போல. சாப்பாடுதான் கொஞ்சம் கூடியிருக்கிறது. போன தடவை வாங்கிய சட்டைகள் தோளில் பிடிக்கின்றன. அண்ணியிடம் சொல், அவர்கள் கொழுந்தன் இப்போது சுள்ளி இல்லை.

கட்டு எப்போது பிரிப்பார்கள்? கோச் உன்னிடம் ஏதாவது பேசினாரா? பேசினால் எழுது. கட்டைப் பிரித்தவுடனே எடையில் கை வைத்துவிடாதே, டாக்டர் சொல்கிறபடி நட. அவசரமில்லை.

கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று மறக்காமல் எழுது.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் எழுதுவது உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. அவர் குளிக்கப் போயிருக்கிறார். ஊன்றுகோலோடு குளித்து வருவதற்குள் எழுதி முடித்துவிடுவேன்.

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தத் தொடையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. நல்ல காலின் தொடையைச் சுற்ற என் இரண்டு கையும் போதாது. இதை ஒரு கையால் பிடித்துவிடலாம்போல் இருக்கிறது. தோல் தொங்குகிறது. பிசியோதெரபி அம்மா ஒன்றும் குத்திக் காட்டவில்லை. "அப்பவே இறுக்கிப் பிடிச்சிருந்தா பாதியாவது தங்கியிருக்கும்" என்று மட்டும் சொன்னார். உங்கள் அண்ணன் காதில் விழாத மாதிரி சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டார். தொட்டி நிரம்பி வெளியே வழிந்த பிறகும் மூடவில்லை.

எனக்கு இந்தத் தசை, கோணம் எல்லாம் தெரியாது. தெரிந்ததைக் கேட்கிறேன். ஜூன் தேர்வுக்குள் இவர் தேற வழி இருக்கிறதா? நீங்கள் ஜனவரியில் எழுதினீர்களே, அதை நன்றாகப் பார்த்துத்தான் எழுதினீர்களா?

இவர் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல விடுவதில்லை. அதனால்தான் நானே கேட்கிறேன்.

அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம்.

கவலைப்படாதீர்கள். எலும்பு கூடியதே பெரிய விஷயம். ஜூன் தேர்வைப் பற்றி அண்ணன் இப்போது யோசிக்காமல் இருப்பதுதான் நல்லது. வலிந்து தூக்கி மறுபடி முறிந்துவிட்டால் கிடங்கு வேலையும் போய்விடும். வயது வரம்பை அடுத்த வருஷம் தளர்த்தப்போவதாக இங்கே ஒரு பேச்சு இருக்கிறது.

எங்கள் ஜிம்முக்குச் சாமான் கொண்டுவரும் வேன் ஓட்டும் அக்கா ஒருவர் அடுத்த மாதம் உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறார். அவரிடம் அண்ணனுக்குச் சத்துமாவு டப்பா இரண்டு கொடுத்து அனுப்புகிறேன். பாலில் கலந்து கொடுங்கள்.

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதினேன்.

கொழுந்தன்


ஜூன் 30

சுள்ளிக்கு,

அண்ணி சுகம். நானும் நடமாடுகிறேன். கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்த்திவைத்திருக்கிறார்கள், லாரி நம்பர் எழுதுகிறேன்.

உன் வேன் அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்தார். நல்ல மனுஷி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்கியவர், திரும்ப மாட்டும்வரை நிறுத்தவில்லை. டப்பாக்களை மேஜையில் வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார்.

"உங்க தம்பி தங்கமுங்க. எனக்கும் இதே மாதிரி கட்டுதான். கிளட்ச் மிதிக்கிற காலு. போச்சு, வேனை வித்துட வேண்டியதுதான்னு உக்காந்துட்டேன். உங்க தம்பிதான், 'கட்டுக்குள்ளயே தொடைய இறுக்கிப் பிடிங்கக்கா, பத்து எண்ணுங்க, விடுங்க'ன்னு தினம் போன் போட்டு எண்ண வெச்சாரு. விட்டாருன்னா பாருங்க. மார்ச்ல கட்டுப் பிரிச்சப்ப டாக்டரே அசந்துட்டாரு."

அண்ணி டீ டம்ளர்களோடு வந்தவள் நடுவீட்டிலேயே நின்றுவிட்டாள்.

"உங்களுக்கும் சொல்லியிருப்பாரே?" என்றார் அந்த அக்கா.

"சொன்னான்" என்றேன்.

"அப்புறம் ஏன் இப்படி?"

"எனக்குப் பொறுமை பத்தல."

வேறு என்ன சொல்வது? வந்த இடத்தில் அந்த அம்மா ஏன் சங்கடப்பட வேண்டும்? அதோடு விட்டாரா? உனக்கு வாழ்த்து வேறு சொன்னார். தேர்வில் தொண்ணூற்று மூன்று கிலோ பிரிவில் நீதான் முதல் ஆளாம். "அண்ணன் எடத்தத் தம்பி காப்பாத்திட்டான்னு கோச் சொன்னாரு. உங்களுக்கு எவ்வளவு பெருமையா இருக்கும்" என்றார். பெருமையாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று கையாட்டினேன்.

உள்ளே வந்தால் அண்ணி டப்பாக்களைத் தூக்கி வெளியே வைத்துவிட்டிருந்தாள். "போன் போட்டுக் கேளுங்க" என்றாள். கேட்டால் நீ ஏதாவது சொல்வாய், அதையும் நான் நம்பித் தொலைப்பேன். அதனால் எழுதுகிறேன். யோசித்துப் பதில் எழுது.

எனக்கு வயிறு எரிகிறது. இதைவிட நாகரிகமாகச் சொல்லத் தெரியவில்லை. நீ என் பிரிவில் தூக்கியதில் எனக்கு வருத்தமில்லை. "அண்ணே, உனக்கு இந்த வருஷம் முடியாது, நான் போகட்டுமா?" என்று ஒரு வரி எழுதியிருந்தால், நானே கோச்சிடம் பேசி அனுப்பியிருப்பேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. வேன் அக்காவுக்குச் சொன்னதை எனக்கு ஏன் சொல்லவில்லை?

அண்ணன்


ஆகஸ்ட் 18

அண்ணனுக்கு,

நான் சுகம். நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். எதை எழுதினாலும் நீ என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவைத்துத்தான் படிப்பாய்.

ஜனவரியில் உனக்கு எழுதிய அன்று என் மனதில் ஒன்றும் இல்லை. அந்தப் பயிற்சியை எனக்குப் பிடிக்காது. படித்ததில் எனக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் எழுதினேன். எடையைக் கூட்டி உன் பிரிவில் நிற்கலாமே என்று கோச் சொன்னது பிப்ரவரியில். அந்த அக்காவுக்குக் கட்டுப் போட்டதும் அப்போதுதான். அவருடைய பிசியோ சொன்னதைத்தான் நான் எண்ணவைத்தேன். பலன் தெரிந்தது. உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். இனி எழுதி என்ன, நாள் கடந்துவிட்டதே என்றும் நினைத்தேன். கடந்திருந்ததா, நான் அப்படி நினைத்துக்கொண்டேனா என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியவில்லை.

அவருக்குக் கிளட்ச் மிதித்தால் போதும். உனக்கு இருநூறு கிலோவோடு எழ வேண்டும். இரண்டும் ஒன்றா? நீ என்னதான் இறுக்கிப் பிடித்திருந்தாலும் ஜூனுக்குள் தேறியிருக்க மாட்டாய். யாரோ ஒருவன் கொண்டுபோக இருந்ததை நம் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

அடிபட்டவன் நீ மட்டும் இல்லை. சுவரோடு நிற்கவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து நீ சாப்பிடுவாய். எனக்குக் கால் நடுங்கும். இறங்கினால் மறுபடி முதலிலிருந்து. அதை நீ மறந்துவிட்டதாக எழுதினாய். வசதியான மறதி.

அண்ணியை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. வீடு பார்க்கிறேன்.

தம்பி


அக்டோபர் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. சுகமா என்று கேட்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது. கால் எப்படி இருக்கிறது?

கேட்கக் கூடாத நேரத்தில் கேட்கிறேன். டிசம்பரில் எல்லா நிறுவனங்களும் மோதும் போட்டி. அணியில் சேர்ந்தாலே நிரந்தரம் என்றவர்கள், அதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் என் வேலை உறுதியாகும் என்று இப்போது சொல்கிறார்கள். இல்லையென்றால் பழையபடி தற்காலிகம்தான். ஸ்குவாட் பரவாயில்லை. டெட்லிப்டில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தரையிலிருந்து இரும்புப் பார் சரியாகக் கிளம்புகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்ததும் செத்த மாதிரி நின்றுவிடுகிறது. பிளேட்டைக் குறைத்து வேகமாக இழு என்கிறார் கோச். வேறொருவர் முதுகைப் பலப்படுத்தச் சொல்கிறார். செய்து பார்த்தேன், அதே இடத்தில்தான் நிற்கிறது.

என் உடம்பு எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்று என்னைவிட உனக்குத் தெரியும். முதல்முதலில் எனக்குப் பாரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நீ. என்ன செய்யலாம் என்று எழுது.

சுள்ளி


அக்டோபர் 19

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம்.

உன் கடிதத்தை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "என்ன தைரியம்" என்றாள். பிறகு, "எழுதறதா இருந்தா ஒழுங்கா எழுதுங்க, இல்லன்னா எழுதாதீங்க" என்றாள். தப்பாக எழுதிவிடலாமா என்று நானும் யோசிக்காமல் இல்லை. ஒரு பொழுது முழுக்க அந்த நினைப்பு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எடையைப் பற்றி எனக்குத் தப்பாக எழுத வரவில்லை.

கேட்டுக்கொள். முழங்காலுக்குக் கீழே வரும்போது உன் இடுப்பு முன்னாலேயே எழுந்துவிடும், பார் காலைவிட்டு விலகும். சின்ன வயதிலிருந்தே உனக்கு அதுதான் குறை. பிளேட்டைக் குறைத்து இழுப்பதால் அது சரியாகாது. எடை தாங்கும் ரேக்கில் இரும்புக் குழாய் இரண்டையும் உன் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும்படி மாட்டு. பாரை அந்தக் குழாய்களுக்கு அடியில் வை. எடை வேண்டாம், வெறும் பார் போதும். பார் காலை உரச, இடுப்பைத் தாழ்த்தி, மேலே இழு. குழாய் தடுக்கும். பார் அசையாது. அசையாத அந்த இடத்திலேயே உன் முழுப் பலத்தையும் போட்டு இழுத்துப் பிடி. மூச்சை அடைக்காதே, பல்லிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடு. பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடு. ஓய்வெடு. மறுபடி பிடி. வாரத்தில் இரண்டு நாள் போதும்.

அந்த ஒரு கோணத்தில் மட்டும்தான் பலம் வரும் என்று நீ எழுதினாய். சரிதான். உனக்கு வேண்டியதும் அந்த ஒரு கோணம்தான்.

சுவரைப் பற்றி. மறந்துவிட்டேன் என்று எழுதியது பொய். நீ தோற்ற மார்க் ஷீட்டோடு வரும்போது அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். நான் முந்திக்கொண்டு உன்னைச் சுவரோடு நிறுத்தினால், "அண்ணனே தண்டிச்சுட்டான்" என்று பெல்ட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் தூங்கும்வரை உன்னை இறக்க முடியாது. உனக்கு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டதும் அவர் பார்க்கத்தான். அப்போது எனக்கும் சின்ன வயதுதான், வேறு யோசனை தோன்றவில்லை.

போட்டியில் கவனமாக இரு.

அண்ணன்


டிசம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி எழுத நல்ல சேதி இல்லை.

ஐந்தாம் இடம். டெட்லிப்டில் மூன்று முறையும் பார் முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது. கடைசி முறை நடுவர் கை காட்டிய பிறகும் நான் விடவில்லை. கோச் மேடையேறி வந்து, "விட்ருடா, போதும்" என்றார். வேலை போய்விட்டது. பழையபடி தற்காலிகம். அதுவும் மார்ச் வரைதான்.

நீ எழுதியதை நான் செய்யவில்லை. ஒரு நாள்கூட. ஒருமுறை குழாய்களை மாட்டிப் பாரை அடியில் வைத்தேன். கையை வைத்ததும், இவன் என்னை முதுகை முறித்துக்கொள்ளச் சொல்கிறான் என்று தோன்றியது. உன் இடத்தில் நான் இருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். அதனால் உன்னை நம்பவில்லை. குழாயைக் கழற்றிவிட்டு, கோச் சொன்னபடி எடையைக் குறைத்து வேகமாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

போட்டி முடிந்து அறைக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இடுப்பு முன்னாலேயே எழுந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். என் தூக்குதலை யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். அதில் அப்படியேதான் எழுகிறது.

சத்தியமாகச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா அண்ணே? அப்படி எழுதியிருந்தால் செய்திருப்பேன்.

சுவரைப் பற்றி நீ எழுதியதை மட்டும் மூன்று முறை படித்தேன். உன் கால் எப்படி இருக்கிறது? மார்ச்சுக்குப் பிறகு நான் அங்கே வரட்டுமா?

சுள்ளி


ஜனவரி 8

தம்பிக்கு,

காலைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நன்றாக இருக்கிறது. கட்டைப் பிரித்த நாளிலிருந்து பிசியோ அம்மா சொன்னபடி இறுக்கிப் பிடித்தேன். கால் ஊன்ற முடிந்த பிறகு சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, நீ முன்பு நின்ற மாதிரியே நின்றேன். அண்ணி காய் நறுக்கிக்கொண்டே பத்து எண்ணுவாள். எட்டாவதோடு நிறுத்திவிட்டு வேண்டுமென்றே வேறு பேச்சுப் பேசுவாள். இப்போது இரண்டு தொடைக்கும் அளவு வித்தியாசம் தெரியவில்லை. போன வாரம் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தேன். வலி இல்லை. வயது வரம்பு தாண்டிவிட்டது. அதனால் யாருக்காகத் தூக்குவது என்றுதான் தெரியவில்லை. கிடங்கு வாசலில் நம்பர் எழுதுகிறவனுக்கு இவ்வளவு பெரிய தொடை எதற்கு என்று லாரிக்காரர்கள் கேலி செய்கிறார்கள்.

அசையாமல் பிடித்தால் பயன் உண்டா என்று போன வருஷம் இதே மாதம் உன்னைக் கேட்டேன். உண்டு. எனக்கும் தெரிந்துவிட்டது, உனக்கும் தெரிந்துவிட்டது.

நான் சத்தியம் செய்திருக்க வேண்டும் என்கிறாய். போன ஜனவரியில் உன்னிடம் நான் சத்தியம் கேட்கவில்லை. நீ எழுதினாய், நான் நிறுத்தினேன். அவ்வளவுதான். உன்னை நம்பியதற்கு என் தொடை போயிற்று. அது திரும்பி வந்துவிட்டது. உன் வேலை போனதில் எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. துக்கமும் வரவில்லை. இரண்டும் வராததுதான் கஷ்டமாக இருக்கிறது.

வருவதென்றால் வா. நீ பிறந்து வளர்ந்த வீடு. அண்ணி உனக்கும் சேர்த்து உலை வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிடுவேன். ஆனால் நீ என்னிடம் எதற்கும் யோசனை கேட்காதே. நானும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

அண்ணி சுகம். நான் முழுச் சுகம். உன் சுகத்தை இனி அவள் கேட்டு எழுதுவாள்.

அண்ணன்